பலகையை அழிக்காதீர்கள்: ஸ்டாம்ஃபோர்டு தெருக்களைப் படம் எடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் வந்து தங்கி, சனி ஞாயிறுகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய ஊர்களைத் தேடிப் போகும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். மீதிப் பேரை நீங்கள் எடுத்த படங்களால் தெரியும். லிங்கன்ஷைர் மாவட்டத்துப் பழைய சந்தை ஊரான ஸ்டாம்ஃபோர்டுக்கு எப்போது போனால் நல்லது என்று கேட்ட அத்தனை பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போங்கள், தெருவில் ஆள் இருக்காது, வண்டி இருக்காது, இருநூறு வருடம் பின்னால் போன மாதிரி இருக்கும் என்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குச் சந்தை, ஒரு சுவரைக்கூட முழுசாக எடுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் நர்ஸ் வேலை பார்ப்பவள். இரவுப் பணிக்குப் பழகிய உடம்பு, விடுமுறை நாளிலும் நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும். அப்படி விழித்த ஞாயிறுகளில் பீட்டர்பரோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஸ்டாம்ஃபோர்டு போய்விடுவேன். இருபது கிலோமீட்டர்தான். அங்கே ஒரு குறுகிய சந்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு பக்கமும் தேன் நிறக் கல் சுவர்கள், கோணல்மாணலான கூரைகள், சந்தின் முடிவில் ஒரு தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். எல்லாம் அழகாக இருந்தது, ஒன்றைத் தவிர. நடுவில் ஒரு செருப்புத் தைக்கும் கடை. சாவியும் வெட்டித் தருவார்கள். வாசலுக்கு மேலே பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. அச்சுக்காரர் எழுத்தல்ல, யாரோ தூரிகை பிடித்துத் தன் கையால் எழுதியது. அந்தப் பச்சை என் படத்தில் உறுத்தியது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. பக்கத்துக் கல்லை நகலெடுத்துப் பலகையின் மேல் ஒட்டினால் முடிந்தது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். உங்களிலும் சிலர் பாராட்டினீர்கள்.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. படம் எடுக்க அல்ல, காய்கறி வாங்கத்தான் சந்தைக்குப் போனேன். கேமரா தோளில் இருந்தது. செடி விற்கும் பந்தலில் இருந்த பெண், அறுபது வயதிருக்கும், இந்தப் பக்கத்து வழக்கப்படி என்னை அன்பாக 'மீ டக்' என்று கூப்பிட்டு, இந்த ஊரைப் படம் எடுப்பதுண்டா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அந்தச் சந்தின் பெயரைச் சொன்னாள். செருப்புக் கடை அவள் அப்பாவுடையது. முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினாராம். வசந்த காலத்தில் காலமாகிவிட்டார். கடை கைமாறி, பலகை குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. பிறந்தநாள் படம் இருக்கிறது, கல்யாணப் படம் இருக்கிறது, கடை வாசலில் அப்பா நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை என்றாள். தினமும் பார்க்கிற கடையை யார் படம் எடுப்பார்கள்?

என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கொண்டுவருவதாக வாக்கும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் அந்தச் சந்தின் படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் பலகை இல்லை. ஒன்றில் நான் நகலெடுத்து ஒட்டிய கல்லின் அதே கீறல் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் ஹார்டு டிஸ்க் மாற்றியபோது இடம் போதவில்லை என்று, சரிசெய்து முடித்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை அழித்திருந்தேன். அடுத்த வெள்ளி ஒரு படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். வாசலுக்கு மேலே விரலை வைத்து, 'இங்கேதான் இருந்தது' என்றாள். அப்புறம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த விரல் வைத்த இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நண்பர்களே, நாம் ஸ்டாம்ஃபோர்டுக்குப் போவது அதன் பழைமைக்காக. அந்தப் பழைமை எப்படித் தங்கியது என்று கொஞ்சம் யோசித்தால், நாம் அழிப்பது என்ன என்பது தெரியும். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் பழைய பெரும் வடக்குச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போனது. வெல்லண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டிய குதிரைக் கோச்சுகள் எல்லாம் இங்கே நின்று குதிரை மாற்றின. ஜார்ஜ் என்ற சத்திரத்தின் பெயர்ப்பலகை இன்றைக்கும் சாலையின் குறுக்கே ஒரு தூக்குமர உத்தரம் போல நிற்கிறது. உள்ளே பயணிகள் காத்திருந்த இரண்டு அறைகளுக்கு லண்டன், யார்க் என்று பெயர், அவரவர் போகும் திசைப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வடக்கே போகும் பிரதான ரயில் பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. ஸ்டாம்ஃபோர்டுக்குக் கிடைத்தது 1848-ல் வந்த ஒரு கிளைப் பாதைதான். கோச்சுகள் நின்றன. ஊரைச் சுற்றியிருந்த பொதுவயல்கள் 1870-கள் வரை தனித்தனிச் சொத்தாகப் பிரிக்கப்படாமல் கிடந்ததால் வீடு கட்டிப் பரவவும் இடமில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை. பக்கத்து ஊர்கள் செங்கல்லும் புகைபோக்கியுமாக வளர்ந்தபோது இது அப்படியே நின்றது. 1960-ல் புறவழிச்சாலை வந்து லாரிகளும் ஒழிந்தன. 1967-ல் ஊரின் மையப் பகுதியையே பாதுகாக்கும் சட்டம் இங்கிலாந்தில் வந்தபோது, முதன்முதலில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதி ஸ்டாம்ஃபோர்டுதான். இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இந்தச் சின்ன ஊரிலிருந்து மட்டும் 600-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

ஆனால் வறுமையும் சட்டமும் மட்டுமே ஒரு வீட்டை நிறுத்திவைக்காது. ஆள் புழங்காத வீடு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? இங்கே கட்டடங்கள் நிற்பதற்கு, அவற்றில் ஓயாமல் யாராவது எதையாவது செய்துகொண்டிருப்பதும் ஒரு காரணம். கம்பளி வணிகர் வில்லியம் பிரவுன் 1475 வாக்கில் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய தரும விடுதி பிராட் தெருவில் இருக்கிறது. அதில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். 1768-ல் கட்டிய நாடக அரங்கில் இன்றும் நாடகம் நடக்கிறது. 1779-ல் கட்டிய நகர மன்றம் இன்றும் நகர மன்றம்தான். அந்தத் தரும விடுதியின் முகப்பை ஞாயிறு காலையில் எடுத்தால் கல்லும் ஜன்னலும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை எடுத்தால், அதன் முன்னால் ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டி வைத்துக் கூவும் ஆளும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலிலிருந்து இறங்கி வரும் பாட்டியும் கிடைப்பார்கள். ஒரு சந்தை ஊர் எதற்காகக் கட்டப்பட்டதோ அது அந்த இரண்டாவது படத்தில்தான் இருக்கிறது. தெருப் பெயர்களைப் பாருங்கள். ஷீப் மார்க்கெட் என்றால் செம்மறிச் சந்தை. அயர்ன்மங்கர் தெரு என்றால் இரும்புக் கடைக்காரர் தெரு. விற்கவும் வாங்கவும் உண்டான தெருக்களை, விற்பவரும் வாங்குபவரும் இல்லாமல் எடுத்துவைத்துக்கொண்டு பழைய ஊர் என்று சொல்லிவந்தோம்.

1990-களின் தொடக்கத்தில் பிபிசி ஒரு பழைய ஆங்கில நாவலைத் தொடராக எடுக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பின் சினிமாக்காரர்களும் வந்தார்கள். இன்றைய அடையாளங்களை மறைப்பது அவர்கள் தொழில், கதை நடக்கும் காலம் வேறு. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நாம் எடுப்பது 2020-களின் ஸ்டாம்ஃபோர்டு. அதை நம்மைப் போன்றவர்கள் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

இந்த நாட்டில் கேமரா பிறந்த நாளிலிருந்தே பழைய கட்டடத்தின் முன்னால்தான் நின்றிருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடி டால்பட் 1835-ல் எடுத்து, இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவில் இருப்பது லேகாக் மடத்தின் ஒரு ஜன்னல். 1875-ல் லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய கோச்சுச் சத்திரத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சில நண்பர்கள் சேர்ந்து ஆளமர்த்திப் படம் எடுக்கச் செய்தார்கள். அது ஒரு சங்கமாகி, 1886 வரை மறையப்போகும் பழைய லண்டனை 120 படங்களில் பதிவுசெய்தது. பர்மிங்காம் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ஸ்டோன் 1897-ல் நாடு முழுவதற்குமான ஒரு படப்பதிவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குக் கட்டடம் மட்டும் போதவில்லை. திருவிழாக்கள், ஊர்வழக்கங்கள், அவற்றை நடத்துகிற மனிதர்கள் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தார். அப்புறம் போர் வந்தது. 1940 நவம்பரில் ஒரே இரவில் கொவென்ட்ரி நகரின் மையம் எரிந்தது. எதெல்லாம் இருந்தது என்று சொல்லக்கூடப் படம் இல்லாத நிலை வரக்கூடாது என்று 1941-ல் தேசியக் கட்டடப் பதிவகம் தொடங்கப்பட்டது. அடுத்து எந்த ஊர் விழும் என்று தெரியாத நிலையில் படக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அந்தச் சேகரம் இன்று ஸ்விண்டனில் உள்ள ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

நம் காலத்துக்கு நெருக்கமாக இன்னொன்று. 1999-ல் தொடங்கி, இங்கிலாந்தின் பட்டியலிலுள்ள கட்டடங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே படமெடுத்தார்கள். நம்மைப் போல வார இறுதியில் கேமரா தூக்கியவர்கள்தான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பிரமாதமான வேலை, இன்றைக்கும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். ஆனால் அங்கே நோக்கம் ஒரு கட்டடத்துக்கு அதை அடையாளம் காட்டும் ஒரு படம். பட்டியலில் இல்லாத பேருந்து நிழற்குடையும், கடைப் பலகையும், சந்தைப் பந்தலும் அதில் வர வழியில்லை. அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நினைத்துப் பார்ப்பீர்கள். டெவன்போர்ட்டில் பிறந்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசின் படக்காரராக 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தார். திருமலை நாயக்கர் மகாலைப் பின்னால் நேப்பியர் கவர்னராக இருந்தபோது பழுதுபார்த்தார்கள். அதற்கு முன் அது எப்படி இடிந்து கிடந்தது என்பதை ட்ரைப்பின் படங்களில்தான் பார்க்கிறோம். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். அவரும் கைவைத்தவர்தான். வெறிச்சென்றிருந்த வானம் பிடிக்காமல் காகித நெகட்டிவில் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். இன்று நாம் அந்தப் படங்களில் தேடுவது மேகத்தை அல்ல. விரிசல் விட்ட தூணையும், கூரையில்லாத சுவரையும், ஓரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன சாமானையும் தேடுகிறோம்.

அழகான படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முதல் குற்றவாளி நானே. ஸ்டாம்ஃபோர்டின் சுண்ணாம்புக்கல்லில் மாலை வெயில் படும்போது அதை எடுக்காமல் வர மனம் ஒப்பாது. பார்னக், கெட்டன் என்று பக்கத்துக் கிராமங்களில் வெட்டிய கல் அது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மீன்முட்டை போலப் பொடிப் பொடி மணிகள் தெரியும். கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) இந்த மஞ்சளைக் குறை என்று எண்ணிச் சாம்பலாக்கிவிடும். அதனால் பகல்வெளிச்ச அளவில் நிலையாக வைத்து எடுங்கள். டிசம்பர் நடுப்பகலில் இங்கே சூரியன் தொடுவானத்துக்குமேல் 14 டிகிரிதான் ஏறும். அப்போது பிராட் தெருவின் வடக்குச் சாரியில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், எதிர்ச்சாரி நாள் முழுவதும் நிழலிலேயே கிடக்கும். அந்தத் தெற்குச் சாரி வீடுகளின் முகத்தில் வெயில் வேண்டுமென்றால் ஜூன் மாதம் இரவு எட்டு, எட்டரைக்குப் போக வேண்டும். வடமேற்கில் இறங்கும் சூரியன் அப்போதுதான் அங்கே எட்டிப் பார்க்கும். இதெல்லாம் எனக்கும் ஆசைதான். அந்தப் படத்தை எடுங்கள், சட்டம் போட்டு மாட்டுங்கள். எடுத்து முடித்ததும் கேமராவை உறைக்குள் போடாமல் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்தில் மேலே பாருங்கள். கூரையில் இருப்பது ஸ்லேட் என்று பெயர்பெற்றாலும் ஸ்லேட் இல்லை, அதுவும் சுண்ணாம்புக்கல்தான். காலிவெஸ்டன் கிராமத்தில் வெட்டி, ஈரத்தோடு வெளியில் போட்டுவைப்பார்கள். குளிர்காலத்து உறைபனி உள்ளே புகுந்து அதை ஏடு ஏடாகப் பிரிக்கும். இறவாணத்தில் பெரிய கல்லில் தொடங்கி, மேலே போகப் போகச் சின்னதாகி, உச்சியில் கையகலக் கல்லில் முடியும். ஒரு கூரையைப் பழுதுபார்ப்பதைக் கண்டால், பணியாளரிடம் கேட்டுவிட்டு அவர் கையோடு சேர்த்து எடுங்கள். சாரம் கட்டியிருக்கிறதே என்று திரும்பி வந்துவிடாதீர்கள். சாரம் கட்டிய படம்தான் கிடைப்பதற்கு அரிது.

ஜன்னல்களைப் பாருங்கள். கல்லால் அடைத்த ஜன்னல் இருந்தால், 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்ததாக இருக்கலாம். முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே பொய்யாக வைத்ததாகவும் இருக்கலாம். அப்புறம் பின்பக்கம் போங்கள். முன்பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கல் முகப்பு நிமிர்ந்து நிற்கும் பல வீடுகளுக்குள்ளே அதைவிடப் பழைய மரச்சட்டக் கட்டடம் ஒளிந்திருக்கிறது. கோச்சு வண்டி நுழைந்த வளைவுவழியாக எட்டிப் பார்த்தால் சாய்ந்த சுவரும் துருத்திக்கொண்டிருக்கும் உத்தரமும் தெரியும். குப்பைத் தொட்டிகளும் அங்கேதான் வரிசையாக நிற்கும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். தெரு விளக்கு, கதவெண், வாசலில் காலணிச் சேற்றைச் சுரண்டப் பதித்த இரும்பு, சுவரில் மங்கிப்போன பழைய விளம்பர எழுத்து, காலிக் கடையின் கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பு. கோபுரம் இன்னும் ஐந்நூறு வருடம் நிற்கும். அந்த அறிவிப்பு அடுத்த மாதம் இருக்காது.

சிலருக்குப் பயம் இருப்பது எனக்குத் தெரியும். நம் தோற்றத்தில் ஒருவர் தெருவில் நின்று வீடுகளைப் படம் எடுத்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது, ஞாயிறு விடியலை நான் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். சட்டம் தெளிவாக இருக்கிறது. பொது இடத்தில் நின்று கட்டடங்களை எடுக்க அனுமதி தேவையில்லை. 1988-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பங்களையும் படம் எடுக்க இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு கிடையாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். தனியார் முற்றத்துக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ நுழைவதென்றால் கேளுங்கள். சட்டத்தைவிட எனக்கு உதவியது ஒரு வணக்கம். பந்தல்காரரிடம் முதலில் நாலு தக்காளி வாங்குங்கள், பேசுங்கள், அப்புறம் எடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுப்பதில்லை. மறுத்தால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளின் முகமும், திரை விலகிய வீட்டின் உள்பக்கமும் நமக்கு வேண்டாம்.

இப்போது கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

எதையும் அழிக்காதீர்கள். உங்கள் போனிலேயே ஒரு தட்டில் ஆளையும் வண்டியையும் மறையவைக்கும் வசதி வந்துவிட்டது. அது இட்டு நிரப்பும் கல் எந்தச் சுரங்கத்திலும் வெட்டியதல்ல, அந்தச் சுவரில் ஒருநாளும் இருந்ததல்ல. சுவரில் மாட்ட ஒரு படம் அப்படி வேண்டுமென்றால் நகலில் செய்துகொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது, எட்டாயிரம் ரூபாய்கூடப் பெறாத ஒரு ஹார்டு டிஸ்கை மிச்சம் பிடித்தவள் நான்.

படத்தோடு நாலு வரி எழுதுங்கள். எந்தத் தெரு, எந்தக் கதவெண், எந்தத் திசை பார்த்து, என்ன தேதி. கேமரா தேதியைப் பதிந்துகொள்ளும்தான், ஆனால் அதில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். என்னுடையது இரண்டு வருடம் இந்திய நேரத்திலேயே ஓடியது. கடைக்காரர் பேச்சுவாக்கில் ஏதாவது சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு படங்களைப் பூட்டி வைக்காதீர்கள். 2005 முதல் பிரிட்டன் முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஜியோகிராஃப் என்ற இணையத் திட்டத்தில் படம் சேர்த்துவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் தரலாம், இடமும் தேதியும் விவரமும் சேர்த்தே பதிவாகும். லிங்கன்ஷைர் ஆவணக்காப்பகம் லிங்கன் நகரில் இருக்கிறது. எதை, எந்த வடிவில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுதிக் கேட்டுவிட்டு நாம் சேர்ந்து ஒரு தொகுப்பாகக் கொடுக்கலாம். குடியேறி வந்தவர்கள் நாம், இந்த ஊரைப் பதிவுசெய்ய நமக்கென்ன உரிமை என்று ஒரு நண்பர் கேட்டார். நான் பன்னிரண்டு வருடமாக அந்தச் சந்தையில் வெங்காயம் வாங்குகிறேன். என் மகள் பேசுவதே அந்த ஊர்ப் பேச்சு. எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை.

நான் நினைத்திருப்பது இதுதான். வருடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை நாளில், ஆளுக்கு ஒரு தெருவின் ஒரு சாரி. முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை, எதையும் விடாமல், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று நேராக. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னால் சாயும், அதனால் மட்டமாகப் பிடித்து, வேண்டுமானால் கீழ்ப்பகுதித் தரையைப் பின்னால் வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று அதே வரிசை. வேன் நின்றால் வேனோடு எடுங்கள். எந்தக் கடைக்கு யார் சரக்கு இறக்கினார்கள் என்பது அந்த வேனின் பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

வெள்ளி விடுப்பு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். முழு நாள் வேண்டாம், காலையில் இரண்டு மணி நேரம் போதும். பீட்டர்பரோவிலிருந்து ரயில் கால்மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அந்த 1848-ஆம் ஆண்டு ரயில் நிலையமே ஒரு பழைய கல் மாளிகை போலத்தான் இருக்கும், இறங்கியதும் அங்கேயே தொடங்கலாம்.

மே மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் போகிறேன். செயின்ட் மேரி தெருவுக்கு ஒரு தம்பதி பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஷீப் மார்க்கெட்டை லெஸ்டரிலிருந்து வரும் ஒரு மாணவர் எடுத்துக்கொண்டார். செடி விற்கும் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அப்பாவின் கடை இருந்த சந்தினை நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள், இப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதை. அதை முடித்துவிட்டு அயர்ன்மங்கர் தெருவுக்கு வருவேன். மேற்குச் சாரி என்னுடையது. கிழக்குச் சாரிக்கு இன்னும் ஆள் இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
பீட்டர்பரோ